டாவின்சி ரிசால்வ் 20: புதிய வசதிகளைத் தமிழ்க் காணொளிகளுக்குப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் 20ஆம் பதிப்பை 2025 ஏப்ரலில் சோதனைப் பதிப்பாகவும், மே மாத இறுதியில் முழுப் பதிப்பாகவும் வெளியிட்டது. புதிய வசதிகள் நூற்றுக்கும் மேல் என்று நிறுவனம் அறிவித்தது. அவற்றுள் பெரும் விளம்பரம் பெற்றவை செயற்கை நுண்ணறிவு சார்ந்தவை. வடபழனியிலும் சாலிகிராமத்திலும் படத்தொகுப்பு அறை நடத்துவோர், திருமணக் காணொளி செய்யும் சிறு ஸ்டுடியோக்கள், வீட்டிலிருந்தே யூடியூப் சேனல் நடத்துவோர் ஆகியோர் இந்தப் பதிப்புக்கு மாறும்போது எந்த வரிசையில் செல்ல வேண்டும், எந்த வசதி தமிழ் வேலைக்கு உடனே உதவும், எது உதவாது என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

தொடங்குமுன் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது. புதிய வசதிகளில் ஒரு பகுதி, படத்தையும் ஒலியலையையும் மட்டும் ஆராய்ந்து வேலை செய்கிறது. பேசப்படுவது தமிழா, தெலுங்கா, ஆங்கிலமா என்பது அதற்குப் பொருட்டில்லை. மற்றொரு பகுதி, பேசப்பட்ட சொல்லை எழுத்தாக மாற்றி, அந்த எழுத்தை வைத்து வேலை செய்கிறது. ரிசால்வின் பேச்சை எழுத்தாக்கும் வசதி ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம், கொரியன், மாண்டரின் போன்ற மொழிகளுக்காக உருவானது. 20ஆம் பதிப்பு வெளிவந்தபோது அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆகவே முதல் வகை வசதிகளை முழு நம்பிக்கையோடு பயன்படுத்தலாம். இரண்டாம் வகைக்கு மாற்று வழி தேட வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்தப் பிரிவினையை அடிப்படையாகக் கொண்டவை.

எப்போது மாறுவது

நடந்துகொண்டிருக்கும் வேலையின் நடுவே பதிப்பை மாற்றக் கூடாது. 20ஆம் பதிப்பில் ஒருமுறை திறந்த ப்ராஜெக்ட்டைப் பிறகு 19ஆம் பதிப்பில் திறக்க முடியாது என்பதே இதற்கு முதன்மையான காரணம். எடிட்டர் ஓர் இடத்திலும், வண்ணம் திருத்தும் கலரிஸ்ட் வேறோர் இடத்திலும் அமர்ந்து ஒரே ப்ராஜெக்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் சென்னையில் மிகுதி. அவர்களுள் ஒருவர் மட்டும் மாறினால், அவர் சேமித்து அனுப்பும் ப்ராஜெக்ட் மற்றவரிடம் திறக்காது. எனவே ஒரே வேலையில் இருப்போர் அனைவரும் பேசிவைத்து ஒரே நாளில் மாற வேண்டும்.

திருமணக் காணொளி செய்வோருக்கு இதற்கான காலம் நம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. முகூர்த்தங்கள் இல்லாத ஆடியும் மார்கழியும் அவர்களுக்கு ஏற்றவை. ஆவணியிலும் தையிலும் வேலை குவிந்திருக்கும்போது புதிய பதிப்பைத் தொடவே வேண்டாம். மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரிப் பதிவு செய்வோருக்கு மார்கழிதான் உச்சகாலம் என்பதால் அவர்கள் ஆடியைத் தேர்ந்தெடுக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாறுவதாயிருந்தால் யு.பி.எஸ். இணைப்பில் நிறுவுவது கட்டாயம். நிறுவும்போதோ ப்ராஜெக்ட் நூலகத்தைப் பேக்கப் எடுக்கும்போதோ மின்சாரம் நின்றால் பழுது எங்கே ஏற்பட்டது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

பேக்கப்: அவசரப்படக் கூடாத படி

ரிசால்வ் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டையும் தனித்தனிக் கோப்பாக நம் கண்முன் வைப்பதில்லை. எல்லாவற்றையும் ப்ராஜெக்ட் நூலகம் என்ற ஒரு தரவுத்தளத்துக்குள் வைக்கிறது. பிற மென்பொருளிலிருந்து வருவோர் பலர் இதை அறியாமல், படக்கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடுகின்றனர். படம் இருக்கும், ஆனால் வெட்டுகளும் வண்ணமும் போய்விடும்.

முதலில் புராஜெக்ட் மேனேஜரைத் திறக்கவும். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள வீட்டுச் சின்னத்தை அழுத்தினால் அது திறக்கும். இடப்புறத்தில் நூலகங்களின் பட்டியலைக் காட்டச் செய்து, பயன்பாட்டில் உள்ள நூலகத்தின் விவரப் பகுதியில் பேக்கப் கட்டளையைக் கொடுத்து, கோப்பை வெளி எஸ்.எஸ்.டி. ஒன்றில் சேமிக்கவும். இது முழு நூலகத்துக்குமான பிரதி.

இரண்டாவதாக, முக்கியமான ஒவ்வொரு ப்ராஜெக்ட்டின் மீதும் வலது சொடுக்கி எக்ஸ்போர்ட் புராஜெக்ட் கொடுத்தால் டி.ஆர்.பி. கோப்பு கிடைக்கும். அளவில் சிறியதான இந்தக் கோப்பில் படங்கள் இருக்காது. வெட்டுகளும் வண்ண அமைப்புகளும் மட்டும் இருக்கும். படங்களோடு சேர்த்து ஒரே தொகுப்பாக வேண்டுமானால் ஆர்க்கைவ் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு மூலக் கோப்புகள் எவ்வளவு இடம் பிடிக்கின்றனவோ அவ்வளவு இடம் தேவைப்படும். வாடிக்கையாளரிடம் இன்னும் ஒப்படைக்காத வேலைகளுக்கு இரண்டையும் செய்துவிடுவதே என் பரிந்துரை. வட்டின் விலையைவிட மறுபடி நடத்த முடியாத ஒரு திருமணத்தின் மதிப்பு அதிகம்.

மூன்றாவதாக, நாம் சேர்த்துவைத்த லட் கோப்புகள் (நிறங்களை மாற்றும் அட்டவணைகள்), பவர்கிரேடுகள் (சேமித்துவைத்த வண்ண அமைப்புகள்), விசைப்பலகை அமைப்பு, ரெண்டர் (இறுதிக் காணொளியை உருவாக்குதல்) முன்னமைப்புகள், பிளகின்கள் எனப்படும் வெளியார் துணை மென்பொருள்களின் உரிம எண்கள் ஆகியவற்றைத் தனி ஃபோல்டரில் எடுத்துவைக்கவும்.

நிறுவுதல்

பிளாக்மேஜிக் தளத்தின் சப்போர்ட் பக்கத்தில் இலவசப் பதிப்பும் ஸ்டுடியோ பதிப்பும் இரண்டு தனிப் பதிவிறக்கங்களாக உள்ளன. ஸ்டுடியோ உரிமம் 295 டாலர். ஒரு முறை செலுத்தினால் போதும், மாதச் சந்தா இல்லை. ஏற்கெனவே உரிமம் வாங்கியவர்கள் 20ஆம் பதிப்புக்குக் கூடுதலாக எதுவும் செலுத்த வேண்டியதில்லை. ஒரு செயல்படுத்தும் எண்ணை இரண்டு கணினிகளில் பயன்படுத்தலாம். இலவசப் பதிப்பு யு.எச்.டி. (4கே) அளவுக்கும் நொடிக்கு 60 ஃபிரேமுக்கும் உள்ளாக வெளியீடு தரும். பெரும்பாலான ஏ.ஐ. வசதிகள் ஸ்டுடியோ பதிப்புக்கே உரியவை என்பதை வாங்குமுன் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரேம் 16 ஜி.பி. இருக்க வேண்டும், காட்சி விளைவுகளுக்கான ஃபியூஷன் பக்கத்தில் வேலை செய்வோருக்கு 32 ஜி.பி. தேவை. ரிச்சி தெருவில் கணினி கட்டுவோரிடம் பட்டியல் கொடுக்கும்போது செயலிக்கு ஒதுக்கும் தொகையைச் சற்றுக் குறைத்து, கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்குக் கூடுதலாக ஒதுக்கச் சொல்வது ரிசால்வுக்குப் பொருத்தமானது. இந்த மென்பொருள் தன் சுமையின் பெரும்பகுதியைக் கிராஃபிக்ஸ் கார்டின் மீதே வைக்கிறது. என்விடியா கார்டு உள்ளவர்கள் கேம் ரெடி டிரைவருக்குப் பதிலாக ஸ்டுடியோ டிரைவரை நிறுவிவிட்டு, கணினியை மறுபடி தொடங்கி, அதன் பிறகே ரிசால்வை நிறுவ வேண்டும்.

நிறுவிய பின், பிரிஃபரன்சஸ் பகுதியில் லைவ் சேவ் (மாற்றங்களை உடனுக்குடன் சேமிப்பது), ப்ராஜெக்ட் பேக்கப், டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) பேக்கப் ஆகிய மூன்றும் இயக்கத்தில் உள்ளனவா என்று பார்த்துவிடவும்.

முதல் சோதனை: தமிழ் எழுத்து

பழைய ப்ராஜெக்ட் எதையும் திறப்பதற்கு முன், புதிதாக ஒரு சோதனை ப்ராஜெக்ட்டை உருவாக்கவும். அதன் டைம்லைனில் சாதாரண டெக்ஸ்ட், டெக்ஸ்ட் பிளஸ், புதிதாக வந்துள்ள மல்டிடெக்ஸ்ட், சப்டைட்டில் தடம் ஆகிய நான்கிலும் ஒரே வரியைத் தட்டச்சு செய்யவும். அந்த வரியில் கொற்றவை, கேணி, வௌவால், ஸ்ரீ, லக்ஷ்மி போன்ற சொற்கள் இருக்க வேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் சரியாக அமர்கின்றனவா, புள்ளி எழுத்தின் மேலேயே நிற்கிறதா, ஸ்ரீ பிரிந்துவிடாமல் ஒன்றாகத் தெரிகிறதா என்பதைக் கவனிக்கவும். எந்தக் கருவியில் எந்த எழுத்துரு சரியாக வருகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, அந்த இணையை மட்டுமே வேலையில் பயன்படுத்த வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள். சோதனையை இவற்றில் தொடங்கலாம்.

பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் டைட்டில் செய்து பழகிய ஸ்டுடியோக்கள் இன்னும் பல. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை என்பதால் திரையில் ஒழுங்காகவே தோன்றும். ஆனால் அதே முறையில் சப்டைட்டில் செய்து கோப்பாக வெளியே எடுத்தால், யூடியூப் அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் காட்டும், தேடலிலும் அகப்படாது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று 2010ஆம் ஆண்டிலேயே ஆணை வெளியிட்டுவிட்டது. டைட்டிலுக்குப் பாமினியை விட முடியாதவர்கள்கூட, சப்டைட்டிலுக்காவது யூனிகோடுக்கு இப்போதே மாறிவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

அசைவூட்டத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் டைப்ரைட்டர் வகை அசைவுகள் குறியீடுகளை ஒவ்வொன்றாக எண்ணுபவை. யூனிகோடில் ஒரு தமிழ் மெய்யெழுத்து, அகர உயிர்மெய்க் குறியீடும் புள்ளிக் குறியீடும் சேர்ந்தது. அதனால் ‘க்’ என்பது முதலில் ‘க’ என்று தோன்றிப் பிறகு புள்ளி பெறுவது போன்ற குழப்பங்கள் நேரக்கூடும். சொல் சொல்லாகவோ வரி வரியாகவோ தோன்றும் அசைவுகளைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே எழாது.

படம் சார்ந்த வசதிகள்

எடிட் பக்கத்தில் வந்துள்ள தனிக் கீஃப்ரேம் (ஓர் அமைப்பு எந்த நொடியில் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று இடும் குறி) பலகைதான், என் மதிப்பீட்டில், அன்றாட வேலையை மிகுதியாக எளிதாக்கும் மாற்றம். முன்பு டைம்லைனில் கிளிப்புக்குக் கீழே விரியும் ஒடுங்கிய பட்டையில்தான் கீஃப்ரேம்களை நகர்த்த வேண்டியிருந்தது. இப்போது எல்லா அளவுருக்களின் கீஃப்ரேம்களையும் ஒரே பலகையில் கண்டு, வளைகோட்டையும் அங்கேயே திருத்தலாம். மணிவிழாக் காணொளிகளில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் மெல்ல அருகே வருவதுபோல் செய்ய, படத்தை டைம்லைனில் வைத்து, இன்ஸ்பெக்டரில் ஜூம், பொசிஷன் இரண்டுக்கும் தொடக்கத்தில் கீஃப்ரேம் இட்டு, முடிவில் அளவை மாற்றவும். பின்னர் கீஃப்ரேம் பலகையில் வளைகோட்டுக் காட்சிக்குச் சென்று, இரு முனைகளையும் மென்மையாக்கவும். நேர்கோட்டில் நகரும் படம் திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும்; வளைகோடு அதைச் சீராக்கிவிடும்.

வண்ணப் பக்கத்தில் குரோமா வார்ப் வந்துள்ளது. வரவேற்பு மேடைகளின் ஊதா, நீல எல்.இ.டி. விளக்குகள் முகத்தில் படிவதும், அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு அளவுக்கு மீறிச் சிவந்து மடிப்புகள் மறைவதும் இங்கு அன்றாடத் தலைவலிகள். புதிய நோடு (வண்ணத் திருத்தத்தின் ஒரு படி) ஒன்றைச் சேர்த்து, கலர் வார்ப்பர் பலகையில் குரோமா வார்ப்பைத் தேர்ந்தெடுத்து, திரையில் அந்த நிறத்தின் மீதே அழுத்தி இழுத்தால், நிறத்தின் சாயலும் செறிவும் ஒருசேர மாறும். இழுக்கும் தூரம் மிகச் சிறிதாக இருக்கட்டும். குங்குமமும் மஞ்சளும் இயல்பான நிறத்தில் இருக்கின்றனவா என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முகத்தைத் திருத்தப் போய்த் தாலிக்கயிற்றின் மஞ்சளை மாற்றிவிட்டால் வீட்டார் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

முகத்தை மட்டும் தனியே எடுத்துத் திருத்த வேண்டுமானால் மேஜிக் மாஸ்க்கின் இரண்டாம் வடிவம் உதவும். மனிதர், பொருள் என்று முன்பிருந்த இரு முறைகளும் ஒன்றாகிவிட்டன. வேண்டிய உருவத்தின் மீது ஒரு புள்ளி வைத்து, முன்னும் பின்னும் தடம்பற்றச் செய்து, விடுபட்ட இடங்களில் மேலும் புள்ளி இட்டோ தூரிகையால் திருத்தியோ சரிசெய்யலாம். ஊஞ்சலில் இருவர் நெருங்கி அமர்ந்திருக்கும் காட்சிகளில் மாலையின் ஓரங்களை மட்டும் ஃபிரேம் ஃபிரேமாகச் சரிபார்ப்பது நல்லது.

ஒலி சார்ந்த வசதிகள்

எடிட் பக்கத்திலேயே குரல் பதிவுக்கான வாய்ஸ்ஓவர் பலகை வந்துள்ளது. மைக்கைத் தேர்ந்தெடுத்து, பிளேஹெட்டை வைத்த இடத்திலிருந்து நேரடியாகத் தடத்தில் பதிவு செய்யலாம்; ஒலிக்கான ஃபேர்லைட் பக்கத்துக்குப் போக வேண்டியதில்லை. விளக்கக் காணொளி செய்வோருக்கு இது போதும்.

டயலாக் மேட்சர், வெவ்வேறு இடங்களில் பதிவான பேச்சின் தொனி, அளவு, எதிரொலி ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்துகிறது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் பாதியும் அறைக்குள் பாதியுமாக எடுத்த நேர்காணலுக்கு இது நல்ல துணை. காற்றிரைச்சல் மிகுதியாக இருந்தால் முதலில் வாய்ஸ் ஐசொலேஷனால் இரைச்சலைக் குறைத்துவிட்டு, பின்னர் பொருத்துவதே சரியான வரிசை.

ஆடியோ அசிஸ்டன்ட், பேச்சு, இசை, ஒலிக்குறிப்பு எனத் தடங்களைப் பிரித்து, அளவுகளைச் சமன்செய்து, முழு மிக்ஸ் ஒன்றைத் தந்துவிடுகிறது. இதை இயக்குமுன் டைம்லைனைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் இயக்கவும். யூடியூப்புக்கு −14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பைக் குறிக்கும் அலகு) அளவை இலக்காக வைக்கலாம். திருமணக் காணொளியில் கெட்டிமேளம் முழங்கும் நிமிடத்தை இதனிடம் ஒப்படைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். நாதஸ்வரமும் தவிலும் அந்த நொடியில் ஓங்கி எழுவதுதான் அந்தக் காட்சியின் உயிர்; அளவைச் சமன்செய்யும் கருவிக்கு அது தெரியாது. அந்தப் பகுதியைத் தனியே கையால் மிக்ஸ் செய்யவும்.

மியூசிக் எடிட்டர், பின்னணி இசையை நாம் கேட்கும் நீளத்துக்கு நீட்டியோ சுருக்கியோ தருகிறது. விளம்பர இசை, தொடர்ந்து சுழலும் தாள இசை ஆகியவற்றுக்குப் பொருந்தும். கீர்த்தனை, வர்ணம் போன்றவற்றில் இதைப் பயன்படுத்தவே கூடாது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரக் கணக்கில் ஓர் எண்ணிக்கை பிசகினாலும், சாகித்யத்தின் ஓர் அடி விடுபட்டாலும், கேட்பவர் உடனே கண்டுகொள்வார். பாடியவருக்கும் அது அவமதிப்பு.

மல்டிகேம் ஸ்மார்ட்ஸ்விட்ச்

உரையாடல் நிகழ்ச்சிகளுக்கு மூன்று கேமரா வைத்து எடுப்போர் முதலில் ஒலியை வைத்து கிளிப்புகளை ஒத்திசைத்து மல்டிகேம் கிளிப் (எல்லாக் கேமராக்களின் பதிவும் ஒன்றாக இணைந்த கிளிப்) உருவாக்க வேண்டும். ஸ்மார்ட்ஸ்விட்ச், யார் பேசுகிறார் என்பதை ஒலியிலிருந்தும் உதட்டசைவிலிருந்தும் கண்டறிந்து கேமராவை மாற்றுகிறது. மொழி இதற்குத் தடையில்லை. ஆனால் நம் பேச்சில் எதிரே இருப்பவர் ‘ஆமாங்க’, ‘சரிங்க’ என்று இடையிடையே சொல்லிக்கொண்டே இருப்பார். அத்தகைய இடங்களில் தேவையற்ற மாற்றங்கள் விழ வாய்ப்புண்டு. முடிந்த பின் டைம்லைனை ஒருமுறை முழுதும் ஓட்டி, குறுகிய துண்டுகளை நீக்கவும். கேட்பவரின் முகம் காட்ட வேண்டிய இடங்களையும் எடிட்டரே சேர்க்க வேண்டும். எந்தக் கேள்விக்கு விருந்தினர் கண் கலங்கினார் என்பதைக் கருவி அறியாது.

கச்சேரிப் பதிவுக்கு இந்த வசதியைச் சார்ந்திருக்க முடியாது. பாடகர் நிறுத்தியதும் வயலின் தொடரும், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் இடங்களில் உதட்டசைவு எதுவும் இல்லை. அங்கே பழைய முறைப்படி மல்டிகேம் திரையைப் பார்த்துக் கையால் மாற்றுவதே வழி.

சொல் சார்ந்த வசதிகளும் தமிழுக்கான மாற்று வழியும்

இன்டெலிஸ்கிரிப்ட், எழுதிய வசனப் பிரதியைக் கொடுத்தால் கிளிப்புகளின் பேச்சை அதோடு ஒப்பிட்டு, பொருத்தமான டேக்குகளை (ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப எடுத்த பதிவுகளை) அடுக்கி டைம்லைன் அமைத்து, மாற்று டேக்குகளை மேல் தடங்களில் வைக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களுக்காக ஆங்கிலத்தில் பயிற்சிக் காணொளி செய்வோர் இதனால் நேரம் மிச்சப்படுத்தலாம். தமிழ் வசனத்துக்கு இதைச் சார்ந்திருக்க வேண்டாம். டேக்குகளை நம் கையால் தேர்ந்தெடுப்பதே விரைவானது.

சப்டைட்டிலுக்கு மட்டும் நல்ல மாற்று வழி உண்டு. ஓபன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறியும் மாதிரி தமிழையும் அறியும். விண்டோஸில் இயங்கும் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளுக்குள் அதைப் பயன்படுத்தலாம். முதலில் ரிசால்விலிருந்து பேச்சுத் தடத்தை மட்டும், பின்னணி இசை இல்லாமல், தனி ஒலிக்கோப்பாக ரெண்டர் செய்யவும். அதைச் சப்டைட்டில் எடிட்டில் திறந்து, மொழியைத் தமிழ் என்று குறிப்பிட்டு, கணினி தாங்கும் அளவுக்குப் பெரிய மாதிரியைத் தேர்ந்தெடுக்கவும். சிறிய மாதிரிகள் தமிழில் பிழைகளை மிகுதியாகத் தரும். வெளிவரும் எழுத்தை ஒரு வரி விடாமல் திருத்த வேண்டும். ல, ள, ழ வேறுபாடும், ஊர்ப்பெயர்களும், பேச்சில் கலந்துவரும் ஆங்கிலச் சொற்களும் தவறும் இடங்கள். திருத்தியதை யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் எஸ்.ஆர்.டி. என்ற சப்டைட்டில் கோப்பாகச் சேமிக்கவும். பிறகு ரிசால்வில் ஃபைல் மெனுவின் இம்போர்ட் வழியாகச் சப்டைட்டிலைக் கொண்டுவந்து, கோப்புகள் சேரும் மீடியா பூலிலிருந்து டைம்லைனுக்கு இழுத்துவிடவும்.

இனி அனிமேட்டட் சப்டைட்டில். பேசப்படும் சொல் அந்தந்த நொடியில் ஒளிரும்படி செய்யும் வசதி இது. எஸ்.ஆர்.டி. கோப்பில் வரியின் தொடக்கமும் முடிவும் மட்டுமே இருக்கும், ஒவ்வொரு சொல்லின் நேரமும் இருக்காது. ஆகவே நீண்ட வரியில் ஒளிர்வு பேச்சோடு துல்லியமாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு வரிக்கு இரண்டு அல்லது மூன்று சொற்கள் மட்டும் இருக்கும்படி சப்டைட்டிலைத் துண்டாக்கினால் விலகல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும். செங்குத்துக் காணொளிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்’ என்பது தமிழில் ஒரே சொல். குறுகிய ஆங்கிலச் சொற்களுக்காக வடிவமைத்த வார்ப்புரு அதைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். எழுத்தின் அளவைக் குறைத்து, வரியிடைவெளியைக் கூட்டி, மிக நீளமான சொல் எதுவோ அதை வைத்தே அளவை உறுதிசெய்யவும்.

பழைய ப்ராஜெக்ட்டைத் திறப்பதும், திரும்பிச் செல்வதும்

இவ்வளவும் சரியாக இருந்தால், ஒப்படைத்து முடிந்த ஒரு பழைய ப்ராஜெக்ட்டின் டி.ஆர்.பி. கோப்பை இம்போர்ட் செய்து திறக்கவும். முன்பு வாடிக்கையாளருக்குக் கொடுத்த காணொளியைப் பக்கத்தில் வைத்து, வண்ணம், டைட்டில், இரைச்சல் நீக்கம், பிளகின் விளைவுகள் ஆகியவற்றை ஒப்பிடவும். சில நிமிடங்களை ரெண்டர் செய்து, கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் ஓட்டிப் பார்க்கவும். வேறுபாடு இல்லையென்றால் மட்டுமே நடப்பு வேலைகளை ஒவ்வொன்றாகத் திறக்கலாம்.

பிளகின் இயங்காமலோ ரெண்டர் நடுவே நின்றோ சிக்கல் எழுந்தால், 20ஆம் பதிப்பை நீக்கிவிட்டு, சப்போர்ட் பக்கத்தில் கிடைக்கும் பழைய பதிப்பின் நிறுவியைப் பதிவிறக்கி நிறுவவும். பிறகு புராஜெக்ட் மேனேஜரில் ரீஸ்டோர் கட்டளை கொடுத்து, மாறுவதற்கு முன் எடுத்த நூலகப் பேக்கப்பை மீட்கவும். 20இல் செய்த திருத்தங்கள் அதில் இருக்கமாட்டா என்பதால், மாறிய முதல் சில நாட்களில் செய்யும் வெட்டுகளை ஒரு தாளில் குறித்துவைப்பதும், அன்றன்றைய டைம்லைனை எக்ஸ்.எம்.எல். கோப்பாகவும் எக்ஸ்போர்ட் செய்துவைப்பதும் நல்லது. அந்தக் கோப்பிலிருந்து வண்ணம் திரும்பாவிட்டாலும், வெட்டுகளின் வரிசையைப் பழைய பதிப்பிலும் மீட்டுவிடலாம்.